போட் ரேம்ப்பில் கயாக்: டெக்சாஸில் தூண்டில் போடக் கிளம்புபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டாலஸ், ஆஸ்டின், ஹூஸ்டன் பக்கம் குடியிருந்துகொண்டு புதிதாகக் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகு வாங்கிய நண்பர்கள் முதலில் கேட்பது எந்த மீனுக்கு எந்த இரை என்பதைத்தான். அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது ரேம்ப். படகுகளை டிரெய்லரிலிருந்து தண்ணீரில் இறக்குவதற்காக ஏரிக்குள் போகும் காங்கிரீட் சரிவு அது. மோட்டார் படகுக்காரருக்கும் கயாக்காரருக்கும் உரசல் வருவது பெரும்பாலும் அங்கேதான். ஏரி எல்லோருக்கும் போதும், சரிவு குறுகல்.

கயாக்கைக் கையால் தூக்கிப் போய்விடலாமே, ரேம்ப் எதற்கு?

பல இடங்களில் தேவையே இல்லை. ரேம்ப்புக்குப் பக்கத்தில் புல்லோ சரளையோ மணலோ இருந்தால் அங்கே இறக்குங்கள். கொஞ்சம் தள்ளி நடந்தால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. பின்னால் ஒருவர் காத்திருக்கிறாரே என்ற படபடப்பும் உங்களுக்கு இருக்காது. டெக்சாஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறை துடுப்புப் படகுகளுக்கென்றே ‘டெக்சாஸ் பேட்லிங் டிரெய்ல்ஸ்’ என்ற பெயரில் நீர்வழிகளை வகுத்து வைத்திருக்கிறது. எங்கே இறக்கலாம், எங்கே ஏறலாம் என்பதெல்லாம் அவற்றின் வரைபடங்களிலேயே இருக்கும். ஆஸ்டின் நகரத்து லேடி பேர்ட் ஏரியில் பெட்ரோல் எஞ்சின் படகுகளுக்கு அனுமதியே கிடையாது என்பதால் அங்கே இந்தத் தலைவலி மிகக் குறைவு.

ஆனால் லூயிஸ்வில், ரே ராபர்ட்ஸ், டெக்சோமா மாதிரி அணை கட்டித் தேக்கிய ஏரிகளில், அலை கரையை அரிக்காமலிருக்கப் பாறாங்கற்களைக் கொட்டி வைத்திருக்கும் இடங்கள் உண்டு. மிதித்து ஓட்டும் பெரிய மீன்பிடிக் கயாக், சாமான்களோடு சேர்த்து 50 கிலோவைச் சுலபமாகத் தாண்டும். அதைத் தூக்கிக்கொண்டு அந்தக் கற்களில் இறங்கினால் கணுக்காலுக்கு உத்தரவாதம் இல்லை. அங்கெல்லாம் ரேம்ப்தான்.

சரி, ரேம்ப்பில்தான் இறக்கப் போகிறேன். எதை எங்கே செய்வது?

சரிவின் மேல் செய்யும் வேலை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு நீங்கள் நல்ல ஆள். மற்றதெல்லாம் இதற்குள் அடங்கிவிடும்.

ரேம்ப்புக்கு மேலே, பார்க்கிங் ஓரத்தில் தயாராகும் இடம் ஒன்று இருக்கும். தனியாகக் கோடு போட்டிருக்கலாம், இல்லாவிட்டால் ஒதுங்கி நிற்க ஓர் ஓரம் எப்படியும் இருக்கும். கயாக்கைக் கார்க் கூரையிலிருந்து இறக்கிக் கட்டுப்பட்டைகளைக் கழற்றுங்கள். தண்ணீர் வடியும் துளையின் மூடியான ட்ரெய்ன் பிளக்கைத் திருகி மூடிவிட்டீர்களா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். இருக்கை, பெடல், மீன் காட்டும் கருவிக்கான பேட்டரி, பின்னால் வைக்கும் பெட்டி, துடுப்பு, கூலர் எல்லாம் அங்கேயே ஏறிவிட வேண்டும். லைஃப் ஜாக்கெட்டையும் அங்கேயே போட்டுக்கொள்ளுங்கள். தூண்டில் கம்புகளை மட்டும் நிமிர்த்தாமல் படுக்க வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் மரக்கிளையும் மேலே போகும் மின்கம்பியும்தான் முதலில் மாட்டும்.

அப்புறம் முக்கியமான ஒன்று: காரை முதலிலேயே நிறுத்திவிட்டு வாருங்கள். கூரையில் கயாக் கொண்டுவருபவரின் கார் ரேம்ப்புக்குள் இறங்கவே தேவையில்லை. சிலர் காரைச் சரிவில் இறக்கி, கயாக்கைத் தண்ணீரில் தள்ளி அதைத் துறை மேடையில் கட்டிவிட்டு, மறுபடி ஏறி இடம் தேடிப் போகிறார்கள். பின்னால் மூன்று டிரெய்லர்கள் காத்திருக்கும். காரை நிறுத்திவிட்டு நடந்து வந்தவர் கயாக்கை இரண்டு சக்கரத் தள்ளுவண்டியில் வைத்துச் சரிவின் ஓரமாக உருட்டிப் போய், மிதந்ததும் வண்டியை உருவி உள்ளே போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம். இரண்டு நிமிட வேலை.

வண்டி இல்லாமல் காங்கிரீட்டில் தரதரவென்று இழுத்துப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கயாக்கின் பின்பக்க அடிப்பகுதி தேய்வது அந்த இழுப்பில்தான். பாலிஎத்திலீன் எவ்வளவு தடியாக இருந்தாலும் தேயத்தான் செய்யும்.

வரிசையில் கயாக்குக்கு இடம் உண்டா, ஓரமாக நுழைந்து போய்விடலாமா?

வரிசை வரிசைதான். நீங்களும் ஒரு படகு, உங்களுக்கும் முறை உண்டு. ஆனால் சரிவு அகலமாக இருந்து, முன்னால் இருப்பவர் இன்னும் தயாராகிக்கொண்டிருந்தால், அவர் கண்ணைப் பார்த்து “ஓரமாக இறங்கிக்கொள்ளட்டுமா?” என்று கேளுங்கள். கையசைத்துப் போகச் சொல்பவர்கள்தான் அதிகம். கேட்காமல் நுழைவதுதான் கோபத்தைக் கிளப்பும். இரண்டு மூன்று தடங்கள் உள்ள ரேம்ப் என்றால் கடைக்கோடித் தடத்தில், அதிலும் வெளி ஓரத்தில் இறங்குங்கள். நடுவில் கயாக்கை வைத்தால் இரண்டு தடங்கள் அடைபடும்.

டிரெய்லரைப் பின்னுக்கு எடுப்பவருக்கு நான் தெரிவேனா?

தெரிய மாட்டீர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். உயரமான பிக்கப் டிரக், பின்னால் இருபதடிப் படகு. நடுக் கண்ணாடியில் படகின் முகப்பு மட்டும் தெரியும். பக்கக் கண்ணாடிகளில் டிரெய்லரின் சக்கரமும் துறை மேடையின் விளிம்பும் தெரியும். அவருடைய கவனம் முழுக்க அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில். பின்பக்கக் கேமரா இருந்தாலும் அது படகைத்தான் காட்டும். முழங்கால் உயரம்கூட இல்லாத உங்கள் கயாக், படகுக்குப் பின்னால் தண்ணீர் விளிம்பில் கிடந்தால் அவர் உலகத்திலேயே இல்லை. இதில் சரிவு வேறு: வழக்கமாக 12 முதல் 15 சதவீத இறக்கம், அதாவது 100 அடி நீளத்துக்கு 12 முதல் 15 அடி. பிரேக் பிடித்ததும் நிற்கும் என்று ஈரக் காங்கிரீட்டில் நம்ப முடியாது.

அதனால் டிரெய்லருக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒருபோதும் நிற்காதீர்கள். கயாக்கையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள், ‘ஒரு நிமிஷம், போனை எடுத்துட்டு வந்துடறேன்’ என்றுகூட. பக்கத்துத் தடத்தில் யாராவது பின்னுக்கு எடுத்தால் அவர் நிற்கும்வரை நீங்கள் ஒதுங்கி நில்லுங்கள். மஞ்சள், ஆரஞ்சு நிறக் கயாக்குகளை நான் சிபாரிசு செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். காட்டுப் பச்சைக் கயாக் படத்தில் அழகு, ரேம்ப்பில் ஆபத்து.

காரை எங்கே நிறுத்துவது?

தனிக் கார்களுக்கான கட்டத்தில். நீளமான கட்டங்கள் டிரெய்லர் கோத்த வண்டிகளுக்கு. நிழலாக இருக்கிறது, ரேம்ப்புக்குப் பக்கமாக இருக்கிறது என்று அதில் ஒரு செடானை நிறுத்தினால், படகை இறக்கிவிட்டு வருபவருக்கு இடமே இருக்காது. சில பூங்காக்களில் அபராதச் சீட்டும் கிடைக்கும்.

“இந்த ரேம்ப்பெல்லாம் எங்கள் பணத்தில் கட்டியது” என்று மோட்டார் படகுக்காரர் ஒருவர் சொன்னார். உண்மையா?

பாதி உண்மை. மீதிப் பாதி உங்கள் தூண்டிலில் இருக்கிறது.

1950-ல் வந்த டிங்கெல்–ஜான்சன் சட்டம், தூண்டில், ரீல் மாதிரியான மீன்பிடிச் சாதனங்கள் மீதான கூட்டாட்சி வரியை மாநிலங்களின் மீன்வளப் பணிகளுக்குத் திருப்பிவிட்டது. 1984-ல் வாலப்–ப்ரோ திருத்தம் வந்தபோது மோட்டார் படகு எரிபொருள் வரியும் அந்த நிதியில் சேர்ந்தது. மாநிலங்கள் தங்களுக்குக் கிடைக்கும் பங்கில் 15 சதவீதத்தைப் படகுகள் தண்ணீரை எட்டும் வசதிகளுக்குச் செலவிட வேண்டும் என்பது நிபந்தனை. ரேம்ப்புகளும் துறை மேடைகளும் அதில்தான் வருகின்றன. அந்த 15 சதவீதம் மோட்டார் படகுகளை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பதால் அவர் பேச்சில் நியாயம் இருக்கிறது. பெரும்பாலான மீன்பிடிச் சாதனங்களுக்கு வரி 10 சதவீதம். நீங்கள் வாங்கிய ரீலின் விலையிலும் அது உள்ளே இருக்கிறது என்பதால் உங்கள் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. இதையெல்லாம் ரேம்ப்பில் நின்று அவருக்கு விளக்காதீர்கள். அவர் பின்னால் இன்னும் நான்கு வண்டிகள் நிற்கின்றன.

துடுப்புப் படகுக்குத்தானே தண்ணீரில் முன்னுரிமை?

பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் வழிசெலுத்தல் விதிகளில் யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்ற பட்டியல் இருக்கிறது. எஞ்சின் படகு பாய்மரப் படகுக்கு விலக வேண்டும், மீன்பிடித் தொழிலில் ஈடுபட்டிருக்கும் படகுக்கு விலக வேண்டும் என்று போகும். அதில் கயாக் என்று தனி இடம் கிடையாது. ‘நான் மீன்பிடிக்கிறேனே’ என்றால், வலை, இழுவலை என்று திரும்ப முடியாமல் கட்டிப்போடும் கருவிகளைத்தான் விதி கணக்கில் எடுக்கிறது. கையில் ஒரு தூண்டில் இருப்பது அந்தக் கணக்கில் வராது.

ரேம்ப்பின் வாய்ப்பகுதிக்கு இதன் அர்த்தம் எளிது: இறங்கியதும் அங்கே நிற்காதீர்கள். தூண்டிலை நிமிர்த்துவது, இரையைக் கோப்பது, மீன் காட்டும் கருவியைத் தட்டிப் பார்ப்பது எல்லாம் ஓரமாக ஒதுங்கிய பிறகு. கால்வாய் போல மிதவை போட்டிருந்தால் அதற்கு வெளியே, கரையை ஒட்டிப் போங்கள். குறுக்கே கடக்க வேண்டுமானால் நேராக, ஒரே மூச்சில் கடந்துவிடுங்கள். நண்பர்களோடு போனால் எல்லோரும் வந்து சேரும்வரை காத்திருக்கும் இடத்தையும் ரேம்ப்பிலிருந்து தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

விடியற்காலை இருட்டில் இறங்குகிறேன். என்ன கவனிக்க வேண்டும்?

தண்ணீரில் வெள்ளை வெளிச்சம். துடுப்புப் படகுக்கு, மோதலைத் தவிர்க்கும்படி நேரத்தோடு காட்ட ஒரு வெள்ளை டார்ச்சாவது கையில் தயாராக இருக்க வேண்டும். அது குறைந்தபட்சம். கம்பத்தின் உச்சியில் நாலாபக்கமும் தெரியும் வெள்ளை விளக்கு மாட்டிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். உட்கார்ந்த நிலையில் உங்கள் தலையே தண்ணீருக்கு மேல் மூன்றடியில்தான் இருக்கும். விசிலும் ஒன்று லைஃப் ஜாக்கெட்டில் தொங்கட்டும்.

தரையில் இதற்கு நேரெதிர்: வெளிச்சத்தைக் குறையுங்கள். ரேம்ப்பைப் பார்த்து நிற்கும் காரின் ஹெட்லைட் எரிந்தால், எதிரே டிரெய்லரைப் பின்னுக்கு எடுப்பவருக்குக் கண்ணாடிகளில் ஒன்றுமே தெரியாது. தலையில் மாட்டும் டார்ச்சை யார் முகத்திலும் அடிக்காதீர்கள். சிவப்பு வெளிச்சம் இருந்தால் அதைப் போடுங்கள்.

சனிக்கிழமை போனேன், ஐம்பது படகுகள் நிற்கின்றன. என்ன செய்வது?

பாஸ் மீன் போட்டி நடக்கிறது. விடியலில் எல்லாப் படகுகளும் வரிசையாகச் சீறிப் புறப்படும். அது முடியும்வரை காபி குடியுங்கள், இல்லை வேறு ரேம்ப்புக்குப் போங்கள். புறப்பாடு முடிந்தால் இடம் காலியாகிவிடும். மதியத்துக்கு மேல் மீனை எடை போட எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்புவார்கள். அந்த நேரத்துக்கு முன்னாலோ நன்றாகப் பின்னாலோ கரையேறுங்கள். கயாக் போட்டிகளில் மீனை அளவுப் பலகையில் வைத்துப் படம் பிடித்து அங்கேயே விட்டுவிடுவார்கள், எடைத் தராசுக்கு வரிசை கிடையாது. என் கணக்கில் கயாக் போட்டியின் பெரிய வசதியே அதுதான்.

திரும்பி வரும்போது?

வரும்போதுதான் ஒழுங்கு குலையும். வெயிலில் காய்ந்து, கை ஓய்ந்து, சரிவு கண்ணில் பட்டதும் நேராக நடுவில் ஏற்றிவிட்டு அப்படியே உட்காரத் தோன்றும். வேண்டாம். ரேம்ப்புக்கு வெளியே நின்று முதலில் பாருங்கள்: யார் இறங்குகிறார், யார் ஏற்றுகிறார். சுக்கானையும் பெடலின் துடுப்புகளையும் தூக்கிக்கொள்ளுங்கள். தூண்டில்களைப் படுக்க வையுங்கள். காலியான ஓரத்துக்கு வந்து, தள்ளுவண்டியைக் கீழே செருகி, நிற்காமல் பார்க்கிங் வரை இழுத்துப் போங்கள். கழற்றுவதும் கழுவுவதும் அங்கே.

ஒரு எச்சரிக்கை. காங்கிரீட் முடியும் இடத்துக்கு அப்பால் காலை வைக்காதீர்கள். சிலர் மோட்டாரை முடுக்கியே படகை டிரெய்லரில் ஏற்றுவார்கள். அந்த விசை, காங்கிரீட் முடியும் இடத்தில் மண்ணைத் தோண்டிக் குழியாக்கிவிடும். முழங்கால் ஆழம் என்று நினைத்து இறங்கினால் இடுப்புக்கு மேல் போகும். காங்கிரீட் மேலும் தண்ணீர் ஏறி இறங்கும் பட்டையில் பச்சைப் பாசி படிந்திருக்கும், வெறும் ரப்பர் செருப்பு அதில் நிற்காது. பிடிப்புள்ள காலணி போடுங்கள், பாதத்தை முழுதாகப் பதித்துச் சின்னச் சின்ன அடியாக வையுங்கள்.

தண்ணீரை வடிக்க வேண்டும் என்கிறார்களே, கயாக்குக்குமா?

ஆமாம், கயாக்குக்கும்தான். டெக்சாஸில் 2014 ஜூலை முதல் மாநிலம் முழுவதும் சட்டம்: பொது நன்னீர் நிலைக்குப் போகும்போதும் அங்கிருந்து கிளம்பும்போதும் படகிலும் அதிலுள்ள பாத்திரங்களிலும் இருக்கும் தண்ணீரை வடித்துவிட வேண்டும். மோட்டார் உண்டா இல்லையா, பெரிதா சிறிதா என்ற பேதம் இல்லை.

காரணம் ஜீப்ரா மஸல் என்ற விரல் நகமளவுச் சிப்பி. கருங்கடல், காஸ்பியன் பக்கத்துப் பிராணி. கப்பல்களின் அடித்தட்டுத் தண்ணீரோடு வந்து, 1988-ல் அமெரிக்க–கனடா எல்லையிலுள்ள செயின்ட் கிளேர் ஏரியில் கண்டுபிடிக்கப்பட்டது. டெக்சாஸில் 2009-ல் டெக்சோமாவில் தலைகாட்டி, பிறகு ரே ராபர்ட்ஸ், லூயிஸ்வில் என்று பரவியது. ஒரு பெண் சிப்பி ஆண்டுக்குப் பத்து லட்சம் முட்டை வரை இடும். குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாது. கயாக்கின் வயிற்றில் தேங்கிய ஒரு குவளைத் தண்ணீர் போதும், அடுத்த ஏரிக்குக் கூட்டிப் போக. அப்புறம் அந்த ஏரியின் குடிநீர்க் குழாய்க்குள் அடை அடையாக அப்பிக்கொள்ளும்.

கயாக்கில் தண்ணீர் ஒளியும் இடங்கள் பல. ட்ரெய்ன் பிளக்கைத் திறந்து ஒரு முனையைத் தூக்குங்கள். பெடல் இறங்கும் துளையைப் பாருங்கள். பின்பெட்டியின் அடி, இருக்கையின் பஞ்சு, நங்கூரக் கயிறு, வண்டிச் சக்கரத்தின் உள்பக்கம் எல்லாவற்றையும் பாருங்கள். பாசித்துண்டு சுக்கானின் கீலில் சுற்றியிருந்தால் பிய்த்துக் கரையில் தள்ளிப் போடுங்கள். கேடோ ஏரி பக்கம் போகிறவர்கள் ஜயன்ட் சால்வினியா என்ற மிதக்கும் பெரணியை அறிவார்கள். சூழல் வாய்த்தால் ஒரு வாரத்திலேயே இரட்டிப்பாகும், ஒரு துணுக்கு போதும். அடுத்த ஏரிக்குப் போகும் முன் எல்லாவற்றையும் நன்றாகக் காயவிடுங்கள், முடிந்தால் ஒரு வாரம். இந்த வேலையையும் பார்க்கிங்கில்தான் செய்ய வேண்டும், சரிவில் அல்ல.

உயிர் இரையைத் தண்ணீரோடு கொண்டுபோகலாமா?

கடையில் வாங்கியதென்றால் ரசீது கையில் இருக்க வேண்டும், எங்கே வாங்கியது என்று அதில் தெரிய வேண்டும். ஏரிக்கரைக் கடையில் அந்த ஏரித் தண்ணீரிலேயே போட்டுக் கொடுத்திருந்தால் அந்த ஏரியில் மட்டும்தான் பயன்படுத்தலாம். நீங்களே பிடித்த குஞ்சு மீனை அந்த ஏரித் தண்ணீரோடு வெளியே எடுத்துப் போகக் கூடாது. பிடித்த பெரிய மீனும் அப்படித்தான்: ஐஸில் போகலாம், ஏரித் தண்ணீரில் நீந்திக்கொண்டு போகக் கூடாது.

கயாக்கில் சின்ன மோட்டார் மாட்டினால்?

டெக்சாஸில் துடுப்பு மட்டும் போடும் கயாக்குக்குப் பதிவு வேண்டாம். மின்சார மோட்டார் மாட்டிய நிமிடமே அது மோட்டார் படகு; பதிவு எண் வேண்டும்.

குடும்பத்தோடு, நண்பர்களோடு போகிறோம். தனியாக ஏதாவது?

நம்மவர்கள் நான்கு குடும்பமாகப் போனால் ரேம்ப்பே விழாக்கோலம் பூண்டுவிடும். துறை மேடையில் ஜமக்காளம் விரித்துப் பிரியாணிப் பாத்திரத்தைத் திறப்பதெல்லாம் வேண்டாம். அந்த மேடை படகைக் கட்டி ஆள் ஏறி இறங்குவதற்கு. அதிலிருந்து தூண்டில் போடுவதும் பல இடங்களில் தடை. தடைப் பலகை இல்லாவிட்டாலும் படகு வந்தால் உடனே தூண்டிலைச் சுருட்டுங்கள். குழந்தைகளுக்குச் சரிவு சறுக்குமரமாகத் தெரியும். ஒரு பெரியவர் அவர்களோடு மேலேயே நிற்கட்டும். டெக்சாஸ் சட்டப்படி 26 அடிக்குக் குறைந்த படகில் போகும் 13 வயதுக்குட்பட்ட குழந்தை லைஃப் ஜாக்கெட் அணிந்தே இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஆளுக்கொன்று படகில் இருந்தால் சட்டத்துக்குப் போதும். எனக்குப் போதாது: போட்டுக்கொள்ளுங்கள்.

கயாக்குகளை இரண்டிரண்டாக இறக்குங்கள், மற்றவை மேலே காத்திருக்கட்டும். குழுப் படம் எடுப்பதைத் தண்ணீருக்குள் போன பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் கத்திவிட்டார். என்ன பதில் சொல்வது?

“சாரி, உடனே எடுத்துவிடுகிறேன்.” சரி யார் பக்கம் என்பது பிறகு. நீங்கள் ஒதுங்கிவிட்டால் அவருக்குக் கத்த விஷயம் இருக்காது. வேண்டுமென்றே மிரட்டினாலோ, டிரெய்லரை உங்கள் மேல் ஏற்றுவது போல் வந்தாலோ, வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு பூங்கா ஊழியரிடமோ கேம் வார்டனிடமோ சொல்லுங்கள். லைசென்ஸையும் பாதுகாப்புச் சாமான்களையும் ஏரியில் சோதிப்பவர்களும் அந்தக் கேம் வார்டன்கள்தான், ஆகவே உங்களுடையதும் சரியாக இருக்கட்டும்.

மற்றவர்களுக்கு உதவலாமா?

தாராளமாக. தனியாக வந்து படகை இறக்குகிறவருக்கு, அவர் வண்டியை நிறுத்திவிட்டு வரும்வரை கயிற்றைப் பிடித்துக்கொள்ளும் ஒரு ஆள் தேவைப்படும். “கயிற்றைப் பிடிக்கட்டுமா?” என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கேட்காமல் அடுத்தவர் படகில் கை வைக்காதீர்கள். இப்படி உதவியவரிடம் அன்றைக்கு எந்த முனையில் கிராப்பி மீன் கடிக்கிறது என்ற தகவல் தானாக வந்து சேர்வதும் உண்டு.

அறுந்த தூண்டில் நரம்பு, மீன் குடல் எல்லாம்?

நைலான் நரம்பைப் போட வெள்ளைக் குழாய் மாதிரி ஒரு தொட்டி பல ரேம்ப்புகளில் இருக்கும், அதில் போடுங்கள். இல்லையென்றால் வீட்டுக்கு. பறவைக் காலில் சிக்குவதும் மோட்டார் தண்டில் சுற்றுவதும் அந்த நரம்புதான். மீனைச் சுத்தம் செய்யத் தனி மேசை இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் வீட்டில். ரேம்ப்பில் கிடக்கும் குடல் அடுத்தவர் காலடியில் வழுக்கும்.

கால்வெஸ்டன் பக்கம் உப்புத் தண்ணீரில் ஏதாவது வித்தியாசம்?

பாசி இன்னும் மோசம். தண்ணீர் மட்டம் ஒரே நாளில் மாறும், அங்கே ஓதத்தைவிடக் காற்றுக்குத்தான் அதில் பங்கு அதிகம். குளிர்காலத்தில் வடகாற்று அடித்தால் விரிகுடாத் தண்ணீரைக் கடலுக்குத் தள்ளிவிடும். காலையில் இறங்கிய ரேம்ப்பின் அடி, மாலையில் சேறாக நிற்கும். அப்படியானால் காங்கிரீட் எட்டும் தடம் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும், எல்லோரும் அதில்தான் நிற்பார்கள். காற்று முன்னறிவிப்பைப் பார்த்து முன்கூட்டியே கரையேறுங்கள். சுற்றிப் போகலாம் என்று ஓரத்தில் இறங்கினால் ஆளிச் சிப்பி ஓடுகள் காலையும் கயாக்கையும் சேர்த்துக் கிழிக்கும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் வண்டிச் சக்கரத்தின் அச்சையும் ரீலையும் கழுவுங்கள். உப்பில் முதலில் இறுகுவது அச்சுதான், இறுகினால் அடுத்த வாரம் சரிவின் நடுவில் நிற்கப்போவது நீங்கள்.